ராத்திரி சப்பாத்தி உடுமலைக்கு எப்படி வந்தது? கொங்குத் தட்டை மாற்றிய சி.சுப்பிரமணியத்தின் கதை

திருப்பூரில் ஷிஃப்ட் முடித்து, பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறுகிறவர்களிடம் ராத்திரிக்கு வீட்டில் என்ன சமையல் என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் பதில் சப்பாத்திதான். அப்பாவுக்கு சுகர், அதனால் வீட்டில் எல்லோருக்கும் சப்பாத்தி. கொஞ்சம் மெனக்கெடுகிற வீடு என்றால் கம்பு தோசை, ராகி சேமியா, சாமைப் பொங்கல். அதற்கான மாவும் மிக்ஸும் போனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே உடுமலையைச் சுற்றிய மானாவாரிக் கிராமங்களில் இரண்டு, மூன்று தலைமுறைக்கு முன்னால் கம்பும் சோளமும் ராகியும்தான் தினப்படி சாப்பாடு. நெல்லுச்சோறு நோம்பி நொடிக்கு மட்டும். கோதுமை? அது யார் வீட்டு அடுப்பிலும் அன்றாடம் ஏறியதில்லை. ஏழையின் தானியம் இன்று விலை கூடிய பாக்கெட்டில் வருகிறது; விருந்தில் மட்டும் பார்த்த அரிசி ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிறது; வடக்கத்திக் கோதுமை ராத்திரிச் சாப்பாடாக உட்கார்ந்துவிட்டது.

தட்டு இப்படித் தலைகீழாகத் திரும்பியதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஓர் இடத்தில் தட்டுப்படும் பெயர் ஒன்று உண்டு. உடுமலையிலிருந்து அதிக தூரமில்லாத, பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30 அன்று பிறந்த சி.சுப்பிரமணியம். சுருக்கமாக, சி.எஸ்.

அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது?

சி.எஸ். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பிறந்த காலத்தில் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே விழுந்த மழை மறைவுப் பிரதேசம். அமராவதிக் கரையில் கொழுமம், குமரலிங்கம் பக்கம் பழைய வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைந்தது உண்மை. அதைத் தாண்டி வந்தால் சோளம், கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை, பருத்தி. கிணறு இருக்கிறவர் கவலை ஏற்றி மாடு கட்டித் தண்ணீர் இறைப்பார்.

விளைந்ததுதான் சமையல். காலையில் கம்மங்கூழ், மத்தியானம் சோளச்சோறு அல்லது ராகிக்களி, தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ. இன்று ஹோட்டல் மெனுவில் கொங்கு ஸ்பெஷல் என்று வருகிற அரிசிம்பருப்பு சோறுகூட அன்று எல்லா வீட்டிலும் வாராவாரம் செய்கிற பண்டம் அல்ல. அரிசி வேண்டுமே.

இந்த உணவை நினைத்து இன்று ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கம்பு அடுப்புக்கு வருவதற்கு முன்னால் உரலுக்குப் போக வேண்டும். தண்ணீர் தெளித்துப் பிசறி, உலக்கையால் குத்தி, முறத்தில் தவிடு புடைத்து, மறுபடி குத்தி, நொய்யையும் மாவையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் கொதிக்கிற உலையில் முதலில் நொய், அது வெந்ததும் மாவு, கட்டி தட்டாமல் கிளறல். ஆறியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, மறுநாள் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்க வேண்டும். குடிக்கிறவருக்கு சுகம்தான். குத்தியவளுக்கு விடியலுக்கு முன்பே தோள்பட்டை விட்டுப்போகும். காட்டு வேலைக்கும் அவளேதான் போக வேண்டும். அரிசி வந்தபோது பெண்கள் அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வரவேற்றதில் ஆச்சரியம் இல்லை.

வக்கீல், ஜெயில், கோட்டை

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு சட்டம் முடித்து, கோயமுத்தூரில் வக்கீலாக இருந்தவர் சி.எஸ். 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை. சுதந்திரத்துக்குப் பின் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம். 1954இல் ராஜாஜி விலகியதும் முதல்வர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். ஜெயித்த காமராஜர் தோற்றவரையே அமைச்சராக வைத்துக்கொண்டார். நிதியும் கல்வியும் சி.எஸ். கையில் இருந்தன.

சோறு என்ற விஷயத்தோடு அவர் பெயர் முதலில் சேர்வது இங்கேதான். 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது கல்வி அமைச்சர் அவர். திட்டம் காமராஜர் பெயரில் நிலைத்தது, அது நியாயமும்கூட. பின்னாளில் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர் வழியாகக் கோதுமைக் குருணையும் பால் பவுடரும் இந்தப் பள்ளிகளுக்கு வந்தன. நம் கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்கு கோதுமையின் ருசி முதலில் தெரிந்தது வீட்டில் அல்ல, பள்ளிக்கூடத்துத் தட்டில்.

திருமூர்த்திக்கு வந்த தண்ணீர்

உடுமலைக்காரர்களுக்கு சி.எஸ். என்றால் முதலில் நினைவுக்கு வருவது பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டம். ஆனைமலையில் பெய்யும் மழை மேற்கே ஓடிக் கேரளம் வழியாக அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. கிழக்கே காய்ந்த பூமி. அந்த நீரின் ஒரு பகுதியை அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவதுதான் திட்டம். வி.கே.பழனிசாமி கவுண்டர், நா.மகாலிங்கம் போன்றோர் இதற்காக விடாமல் மல்லுக்கு நின்றார்கள். நிதியமைச்சராக இருந்து பணத்துக்கும் கேரளத்தின் சம்மதத்துக்கும் வழி செய்தவர் சி.எஸ். 1961இல் நேரு பணியைத் தொடங்கி வைத்தார். இரு மாநில ஒப்பந்தம் முறைப்படி கையெழுத்தானது 1970இல். 1958 முதலே செல்லும் என்று அதில் எழுதிக்கொண்டார்கள்.

சர்க்கார்பதியிலிருந்து மலையோரமாகவே 49 கிலோமீட்டர் ஓடிவரும் காண்டூர் கால்வாய் திருமூர்த்தி அணையை நிரப்புகிறது. அங்கிருந்து உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கமெல்லாம் சேர்த்து 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலங்கள். ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர். எல்லா நிலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஈரம் காட்டுவதற்கான ஏற்பாடு இது. மக்காச்சோளம், பருத்தி, பயறு போட்டுச் சமாளிக்கலாம். தொடர்ந்து நெல் போட முடியாது. ஆனாலும் கால்வாய் ஓடிய இடத்தில் கிணறுகள் ஊறின. கிணறு ஊறிய இடத்தில் தென்னை ஏறியது. சோளக்காடு தோப்பானால் அந்த வீட்டுக்குச் சோளமும் கடையில் வாங்குகிற பொருள்தான். காசு கொடுத்து வாங்குவது என்றான பிறகு யார் சோளம் வாங்குவார்கள்? அரிசி வாங்கினார்கள்.

யாருக்கும் வேண்டாத இலாகா

1962இல் மக்களவைக்குப் போய் மத்தியில் எஃகுத் துறையைக் கவனித்தவரை, 1964இல் லால் பகதூர் சாஸ்திரி உணவு, விவசாய அமைச்சர் ஆக்கினார். டெல்லியில் அந்த நாற்காலியை யாரும் விரும்பவில்லை. பஞ்சம் வந்தால் திட்டு, விலை ஏறினால் திட்டு, கப்பல் தாமதமானால் திட்டு. அரசியல்வாதியின் எதிர்காலத்தைப் புதைக்கிற இடம் என்றுதான் அதற்குப் பெயர்.

கப்பல் என்பது சும்மா சொல்வதில்லை. அமெரிக்காவின் பி.எல்.480 சட்டத்தின் கீழ் வந்து இறங்கிய கோதுமையை நம்பித்தான் இந்திய நகரங்களின் ரேஷன் கடைகள் ஓடின. 1965இலும் 1966இலும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1964–65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி. திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விடும்படி சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். ஹோட்டல்களும் அந்த ஒரு வேளை அடுப்பை அணைத்தன. போன் செயலியைத் திறந்து பிரியாணியா பரோட்டாவா என்று யோசிக்கிற இன்றைய தலைமுறைக்கு இது கதை மாதிரி இருக்கும். அறுபது வருடத்துக்கு முந்தைய நிலவரம், அவ்வளவுதான்.

சி.எஸ். இதைக் கணக்குப் போட்ட விதம் வேறு. விவசாயி சோம்பேறி என்றோ, ஜனங்கள் அதிகம் தின்கிறார்கள் என்றோ அவர் நம்பவில்லை. விளைவித்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தால் விவசாயி விளைவிப்பான். அதற்கு நல்ல விதை, உரம், தண்ணீர், நிச்சயமான விலை வேண்டும். 1965 ஜனவரியில் இரண்டு அமைப்புகள் பிறந்தன. கட்டுப்படியாகும் விலையைப் பரிந்துரைக்க விவசாய விலைக் கமிஷன். அந்த விலைக்கு வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகம். பின்னதன் பிறந்தநாள் ஜனவரி 14, நம் பொங்கல் சமயம். முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். தலைமையகமும் முதலில் சென்னையில்தான் இருந்தது. இன்று ரேஷன் கடை மூட்டையின் பின்னால் இருக்கிற இயந்திரம் இப்படித்தான் ஓடத் தொடங்கியது.

அடுத்த மாதமே ஒரு புயல். இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு எரிந்தது. சி.எஸ்ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து ராஜினாமா கொடுத்தார்கள். பிறகு சமாதானமாகி நீடித்தார்கள். அந்த ராஜினாமா அன்றே ஏற்கப்பட்டிருந்தால் பசுமைப் புரட்சியின் கதையை வேறு யாரோ எழுதியிருப்பார்கள், அல்லது இன்னும் சில வருடம் தள்ளிப் போயிருக்கும்.

புல்தரையில் முளைத்த கோதுமை

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்கள் அப்போது டெல்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துவிட்டன. எம்.எஸ்.சுவாமிநாதன் குழு அவற்றைச் சோதித்துக்கொண்டிருந்தது. பழைய கோதுமைக்கு உரம் கூடப் போட்டால் நெடுநெடுவென்று வளர்ந்து கதிர் கனத்தில் சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் சாயாது. போட்ட உரமெல்லாம் மணியாகும். சூட்சுமம் இவ்வளவுதான்.

ஆனால் எதிர்ப்பு எல்லாப் பக்கமும். உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி எங்கே என்றார் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் என்றார்கள் இடதுசாரிகள். இந்த வாதத்தில் பாதி பின்னாளில் உண்மையும் ஆனது. திட்டக் கமிஷனுக்கோ தொழிற்சாலைதான் முன்னேற்றம். சி.எஸ். செய்த காரியங்களில் ஊர் வாயில் நிலைத்தது ஒன்று: டெல்லியில் தன் பங்களாவின் புல்தரையை உழுது அங்கேயே மெக்சிகோ கோதுமையை விதைத்தார். வந்து போகிற எம்.பி.க்கள் பார்க்கட்டும் என்றுதான். கொங்கு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லாத விளம்பர உத்தி அது. பக்கத்துக் காட்டில் நல்லா வந்தால்தானே நம்ம காட்டில் போடுவோம்?

செயலாளர் பி.சிவராமனும் விஞ்ஞானிகளும் துணை நிற்க, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை இறக்கினார். உலகம் அதுவரை பார்த்த விதை வியாபாரங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. பலிக்காமல் போயிருந்தால் அவருக்கு அரசியலும் இல்லை, நாட்டுக்கு அந்தக் காசும் இல்லை. பலித்தது. 1964–65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை 1967–68இல் 1.65 கோடி டன். பஞ்சாபில் மூட்டை அடுக்க இடம் போதாமல் பள்ளிக்கூடங்களைக் கிடங்காக்கினார்கள்.

நெல்லிலும் அதே பாதை. பிலிப்பைன்ஸில் பிறந்த ஐ.ஆர்.8, நம் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி.27 என்று குறுகிய காலப் பயிர்கள் காவிரிப் படுகையில் பரவின. தஞ்சாவூர் நெல் கூடக் கூட, உடுமலை மளிகைக் கடையில் அரிசி மூட்டையும் கூடியது.

விளைச்சல் வந்தது, ஓட்டு வரவில்லை

இங்கேதான் காலம் அவரைக் கொஞ்சம் குரூரமாகக் கேலி செய்தது. 1967 தேர்தல் பிப்ரவரியில். மெக்சிகோ விதையின் பெரிய அறுவடை வீட்டுக்கு வர இன்னும் ஒரு வருடம். தமிழ்நாட்டில் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. களத்தில் இறங்கியது. நாட்டின் உணவு அமைச்சர், சொந்தக் கொங்கு மண்ணில், கோபிசெட்டிபாளையத்தில் தோற்றுப் போனார். ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நாட்டுக்கே கோதுமைக்கு வழி காட்டியவரை அரிசி வீழ்த்தியது.

அதன் பிறகான பதவிகள் நீளமான பட்டியல்: காங்கிரஸ் பிளவின்போது இடைக்காலத் தலைவர், 1971இல் கிருஷ்ணகிரி எம்.பி., திட்டத்துறை, நெருக்கடி நிலைக் காலத்தில் நிதி, தொண்ணூறுகளில் மகாராஷ்டிர ஆளுநர். 1998இல் பாரத ரத்னா. சாப்பாட்டுக் கதைக்கு இவற்றில் பெரிதாகச் சேர்க்க எதுவும் இல்லை.

விட்டுப்போன தானியங்கள்

சி.எஸ்ஸின் கணக்கு அவசரக் கணக்கு. எங்கே தண்ணீர் இருக்கிறதோ, எந்தப் பயிர் சீக்கிரம் விளைச்சலைக் கூட்டுமோ, அங்கே முதலில் காசைப் போடு. அதனால் விதையும் உரமும் கொள்முதல் விலையும் கோதுமையையும் நெல்லையும் சுற்றியே குவிந்தன. சோளத்திலும் கம்பிலும் வீரிய ரகங்கள் வந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அரசு மூட்டை மூட்டையாக வாங்கி ரேஷனில் போட்டது அரிசியும் கோதுமையும்தான். பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியதும், பூச்சிமருந்து பெருகியதும் இதன் மறுபக்கம். அவர் பிறந்த மாதிரியான வானம் பார்த்த பூமிக்கு இந்தப் புரட்சியில் கிடைத்தது, வேறு ஊரில் விளைந்த அரிசி.

மீதியை நம் கோயமுத்தூர் இயந்திரங்கள் முடித்துவைத்தன. வெட் கிரைண்டர் 1950களில் அங்கே பிறந்து வீட்டுக்கு வீடு போனது. தீபாவளிக்கு மட்டும் சுட்ட இட்லி, தோசை தினசரி ஆனது. 2011இல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமானது. அதே வருடம் இலவச மிக்ஸி, கிரைண்டரும் வந்தன. உரலும் உலக்கையும் திண்ணைக்குப் போய், அப்புறம் பழைய இரும்புக்காரரிடமும் ரிசார்ட் அலங்காரத்துக்கும் போயின.

இப்போது சக்கரம் சுற்றி வருகிறது. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்றது. அதே 2023 ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு. தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் சோதனையைத் தொடங்கியது. வீட்டுச் சமையலில் வரகு, சாமை, குதிரைவாலி எல்லாம் மறுபடி வந்திருக்கின்றன. ஆனால் பழைய உருவத்தில் அல்ல: களிக்குப் பதில் ராகி தோசை, கூழுக்குப் பதில் மால்ட், சோளச்சோறுக்குப் பதில் குக்கீஸ். இதில் ஏமாற ஒரு இடம் உண்டு. மைதா கலந்த ராகி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு சிறுதானியம் சாப்பிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கக்கூடாது. அரிசியை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி தின்றாலும் உடம்புக்குள் போவது பெரும்பாலும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

சிறுதானியமா கோதுமையா என்று இன்று நாம் தேர்ந்தெடுக்க முடிகிறது. 1966இல் அப்படி ஒரு கேள்வியே இல்லை. கப்பல் வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை ஒழித்துக் கட்டியவர் மீது, கம்பைக் காணோம் என்று வழக்குப் போடுவது சுலபம். வழக்கில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பஞ்சம் தீர்ந்த பிறகான ஐம்பது வருடத்தில், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொள்முதல் பட்டியலில் கம்புக்கும் சோளத்துக்கும் உரிய இடம் கொடுத்திருக்கலாம். அது அவரது கணக்கில் மட்டும் எழுத வேண்டிய கடன் அல்ல.

சி.எஸ்ஸுக்கே மனதில் ஏதோ பாக்கி இருந்திருக்க வேண்டும். தொண்ணூறு வயதில், 2000ஆம் ஆண்டில், சிறு விவசாயிகளுக்குத் தொழில்நுட்பம் கொண்டுபோகத் தேசிய வேளாண் நிறுவனம் ஒன்றைச் சென்னையில் தொடங்கினார். அதே வருடம் நவம்பர் 7 அன்று இறந்தார்.

இன்று உடுமலையிலிருந்து குடிமங்கலம் பக்கம் போனால் பழைய சோளக்காடுகளில் நிற்பது பெரும்பாலும் மக்காச்சோளம். வீட்டுக்கு அல்ல, பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. நாட்டுச்சோளம் இன்னும் விதைக்கிறார்கள், பெரும்பாலும் மாட்டுத் தட்டுக்காக. திருமூர்த்தி அணையில் இந்த வருடம் எந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதுதான் அங்கே இப்போதும் முதல் பேச்சு.